பார்த்தோம், கேட்டோமா?

பள்ளிக்கு விடுமுறை தொடங்கினால் பெற்றோரின் விடுமுறை முடிந்தது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஒரு மகளுக்கும் ஒரு மகனுக்கும் தந்தையாகிய எனக்கு, அது வெறும் வேடிக்கையாகத் தோன்றுவதில்லை. காலையில் தொலைக்காட்சி, நண்பகலில் கைப்பேசி, மாலையில் மீண்டும் தொலைக்காட்சி. இடையிடையே, "அணைத்து வையுங்கள்" என்னும் என் குரல். கோடை முழுவதும் எங்கள் இல்லத்தின் நாள்முறை இதுவே.

இதற்கு மருந்தாகப் பெரியோர் மூன்றைக் கூறுவர்: பிள்ளைகளை வெளியூர் அழைத்துச் செல்லுங்கள்; கையில் நல்ல நூலைக் கொடுங்கள்; தொலைக்காட்சியைக் குறையுங்கள். நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். ஆனால் 2025 மே மாதத்தில் நாங்கள் மேற்கொண்ட ஒரு பயணம், இம்மூன்றுக்கும் முன்னே நிற்க வேண்டிய நான்காவது ஒன்று உண்டென்று எனக்குக் கற்பித்தது.

தெருவுக்கு ஒரு பெட்டி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. எண்பதுகளின் இறுதியில், நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் பெட்டி இருந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலைத் திரைப்படம் இவற்றுக்காகத் தெருவே அவ்வீட்டுக் கூடத்தில் கூடும். படம் முடிந்த பின்னும் பேச்சு முடியாது. வாசற்படியில் அமர்ந்து முதியோர் கதையை அலசுவர். நாங்கள் வாய்பிளந்து கேட்டிருப்போம்.

இன்று எங்கள் வீட்டிலேயே ஐவருக்கு ஐந்து திரைகள். காட்சிகள் பெருகின, காட்சிக்குப் பின் நடக்கும் பேச்சு மறைந்துவிட்டது. இதற்குப் பிள்ளைகளை மட்டும் குறைகூற இயலாது. அவர்களைக் கடிந்துகொள்ளும் வேளையிலும் என் கைப்பேசி என் கையில்தான் இருந்தது.

பாலத்தின் மேல்

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, தனுஷ்கோடியைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றைப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்தனர். 'பேய் நகரம்' என்று அச்சமூட்டும் இசையோடு அதனைக் காட்டினார்கள். ஒன்பது வயது மகன், அங்கே போயே தீர வேண்டும் என்றான். அவ்வேளையில் என் தாயார் அதே அறையில், சுவரோரம் அமர்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி பாதியில் இருக்கும்போதே எழுந்து உள்ளே சென்றார். அடுப்பைப் பார்க்கச் செல்கிறார் என எண்ணிக்கொண்டேன்.

மதுரையில் இரயிலேறினோம். மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் கடந்து, மண்டபத்தை அடுத்துக் கடல் தென்பட்டதும் என் விளக்கவுரை தொடங்கியது. பழைய பாம்பன் பாலம் 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது; ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம்; கப்பல் வந்தால் நடுப்பகுதி இருபுறமும் மேல்நோக்கித் திறக்கும். 2022 டிசம்பரில் அதில் இரயில் போக்குவரத்து நின்றது. அதன் அருகே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக உயரும்.

"இதெல்லாம் டிவியில் பார்த்தாயிற்று அப்பா" என்றான் மகன். மகள் படம் எடுத்துக்கொண்டிருந்தாள், நானும் எடுத்தேன். என் தாயார் மட்டும் சன்னல் கம்பியைப் பற்றியவாறு கடலையே நோக்கியிருந்தார்.

இடிந்த சுவரருகே

இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். முன்பு மணலில் தட்டுத் தடுமாறிச் செல்ல வேண்டிய இடத்துக்கு, 2017 முதல் நல்ல சாலை உண்டு. பவளப்பாறைக் கற்களால் கட்டிய பழைய தேவாலயத்தின் சுவர்கள், கூரையின்றிக் காற்றில் அரித்துக்கொண்டு நிற்கின்றன.

"இதுதான் பேய் நகரம்" என்று மகன் உரக்கக் கூவினான்.

என் தாயார் அவன் தோளைத் தொட்டார். "பேயில்லை தம்பி. என் சித்தி குடியிருந்த ஊர் இது" என்றார்.

சித்தி ஒருவர் புயலில் மறைந்தார் என்ற ஒரு வரி எனக்கு முன்பே தெரியும். அதற்கு மேல் நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. அன்று அச்சுவர் நிழலில் மணலில் அமர்ந்து சொன்னார்.

1964-இல் அவருக்குப் பத்து வயது, ஊர் தங்கச்சிமடம். சித்தியின் கணவர் தனுஷ்கோடித் துறைமுகத்தில் சுமை தூக்குபவர். ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின நாள் சித்தி இரயிலில் வந்துவிடுவார். அவ்வாண்டு சிலோன் துணியில் பாவாடை தைத்துக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற பயணியர் வண்டியைப் பேரலை கொண்டுபோயிற்று; அதில் இருந்தோர் எவரும் பிழைக்கவில்லை. ஊரும் அழிந்தது. பாம்பன் பாலமும் சிதைந்தது. அதனை 46 நாட்களில் சீரமைத்தனர். ஆனால் தனுஷ்கோடிக்கு இரயில் மீண்டும் வரவேயில்லை.

"எங்கள் ஐயா பல நாள் கரையோரமாகத் தேடித் திரிந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. திருவிழா அன்று நான் பாவாடை இல்லையே என்று அழுதேன். அம்மா ஓங்கி ஓர் அறை விட்டாள். அப்போதுதான் புரிந்தது, நான் சித்திக்காக அழவில்லை, பாவாடைக்காக அழுதிருக்கிறேன். அந்த வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை."

இறுதிச் சொற்கள் என்னைத் தைத்தன. இத்தனை ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் நான் கேட்கவில்லை. அவர் கண்முன்னே அவருடைய துயரத்தை அச்சமூட்டும் இசையோடு பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எழுந்து போனதற்குக் காரணம் அடுப்பு என்று நினைத்தேன்.

மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பாவாடை என்ன நிறம் அப்பத்தா?" என்று கேட்டான். "பச்சை என்று சொல்லியிருந்தாள்" என்றார். சற்றுத் தொலைவில் மீனவக் குடிசைகளிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. மக்கள் வாழத் தகுதியற்றது என அரசு அறிவித்த அவ்விடத்தில் இன்றும் சில குடும்பங்கள் வலைவீசிப் பிழைக்கின்றன. பேய் நகரம் என்னும் பெயரை அதன்பின் எங்கள் வீட்டில் எவரும் சொல்வதில்லை.

நூலும் அப்பத்தாவும்

மதுரை திரும்பியதும் பதினான்கு வயது மகள் தானாகவே ஒன்று கேட்டாள்: நூலகத்துக்குப் போக வேண்டும். மதுரையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துச் சென்றேன். படித்ததைக் குறிப்பெடுத்து வந்து, இரவில் அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினாள். சென்னையிலிருந்து 'போட் மெயில்' தனுஷ்கோடிக்கு வரும். அங்கிருந்து பயணிகள் கப்பலில் தலைமன்னாருக்குச் சென்று, மீண்டும் இரயிலேறிக் கொழும்பு சேர்வர். "ஆமாம், அந்தக் கப்பலில்தான் சிலோன் துணி வரும்" என்று அவர் இடையில் சேர்த்தார். நூலில் இருந்த ஆண்டும் பெயரும் அவருக்குத் தெரியாதவை. அவர் சொன்னவை எந்நூலிலும் இல்லாதவை. இரண்டும் கூடிய அந்த ஒரு மணி நேரத்தில், அடுத்த அறைத் தொலைக்காட்சியை எவரும் நினைக்கவில்லை.

பெற்றோர்களே, நான் தொலைக்காட்சியைப் பழிக்க வரவில்லை. அந்நிகழ்ச்சி இல்லையேல் இப்பயணமே இல்லை. பயணமும் நூலும் நல்லவையே. ஆயினும், பார்த்ததையும் படித்ததையும் பற்றிப் பேச ஆளின்றிப் போனால் மூன்றும் வெறும் காட்சிகளே. நான் கண்ட நான்காவது இதுதான்: வீட்டில் இருப்பவரைக் கேட்பது.

ஓர் ஊருக்குப் புறப்படுமுன், அவ்வூரை அறிந்தவர் நம் உறவில் எவரேனும் உண்டா என்று விசாரியுங்கள். ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் கால்மணி நேரம் பெட்டியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். வாரம் ஒருமுறையேனும் ஒருவர் வாசிக்க மற்றவர் கேளுங்கள். நாங்கள் ஞாயிறு மதிய உணவுக்குப் பின் இதனைச் செய்து வருகிறோம். எல்லா வாரமும் கைகூடுவதில்லை. மகன் பல நாள் கைப்பேசிக்கே ஓடுகிறான், சில நாள் நானும்தான். இருப்பினும் விட்டுவிடவில்லை.

எங்கள் குடும்ப வேதாகமத்தின் முதல் வெற்றுப் பக்கத்தில், பிறந்தவர் மறைந்தவர் பெயர்களை எழுதும் வழக்கம் உண்டு. அதில் இல்லாதிருந்த ஒரு பெயரை, அப்பத்தா சொல்லச் சொல்ல, என் மகள் அண்மையில் எழுதினாள். அருகே '1964 டிசம்பர்' என்று குறித்தாள். அவள் எழுதி முடிக்கும்வரை என் தாயார் அந்தப் பக்கத்தைக் காற்றில் புரளாமல் கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.