பல்வேறு சமூகங்களிடையே பாப்டிஸ்ட் சபை நாட்டுதல்: ஓங்கோலும் கொல்லிமலையும்

கிறித்தவர்கள் இல்லாத அல்லது மிகச் சிலரே உள்ள ஓரிடத்தில், தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் புதிய திருச்சபை ஒன்றை உருவாக்குவது 'சபை நாட்டுதல்' எனப்படும். நாற்று நடுவதிலிருந்து வந்த சொல் இது. கோயில் கட்டுவதை இது குறிக்காது. கட்டடமே இல்லாமல் புளியமரத்தடியில் கூடும் இருபது பேரும் ஒரு சபைதான். ஒரே ஊரில் பல சாதிகளும் பல மொழிகளும் பல சமயங்களும் இருக்கும்போது யாரிடம் முதலில் செல்வது, எந்த மொழியில் பேசுவது, சேர்ந்தவர்களை ஒன்றாக உட்கார வைப்பதா தனித்தனியாகவா என்ற கேள்விகள் எழுகின்றன. இந்தியாவில் பாப்டிஸ்ட் மிஷனரிகள் இக்கேள்விகளுக்குச் சொன்ன பதில்களும், அவற்றின் பின்விளைவுகளும் இக்கட்டுரையின் பொருள்.

செஞ்சியிலிருந்து பார்க்கையில்

இக்கட்டுரை எழுதப்படும் செஞ்சி, இத்தகைய கேள்விகளை எளிதில் புரியவைக்கும் ஊர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை இணைத்த கோட்டை நாயக்கர்களிடமிருந்து பீஜப்பூர் சுல்தானுக்கும், 1677-இல் சிவாஜிக்கும், 1698-இல் முகலாயருக்கும், 1750-இல் பிரெஞ்சுக்காரருக்கும், 1761-இல் ஆங்கிலேயருக்கும் கைமாறியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் சிலர் வந்து தங்கினர். கோட்டைக்குள் வேங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் உள்ளன. அருகே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிறது. திருநாதர்குன்றில் தீர்த்தங்கரர் இருபத்து நால்வரின் சிற்பங்கள். சுற்றுக் கிராமங்களில் ஊரும் சேரியும், ஏரிக்கரையோரம் இருளர் குடியிருப்புகளும் தனித்தனியே நிற்கும். 1597-இல் இயேசு சபைத் துறவி பிமென்டா இங்கு வந்து, நகரின் பெருமையைக் கண்டு வியந்து எழுதினார்.

ஆனால் செஞ்சியில் பெரிய பாப்டிஸ்ட் இயக்கம் எழவில்லை. சீர்திருத்த மிஷன்கள் ஒன்றன் களத்தில் மற்றொன்று நுழைவதில்லை என்று தமக்குள் எல்லை பிரித்துக்கொண்டிருந்தன. தென்னார்க்காட்டின் பெரும்பகுதி டேனிஷ் லுத்தரன் மிஷன் பக்கம் போயிற்று. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதன் வழிவந்தது. ஆகவே பாப்டிஸ்ட் உதாரணத்துக்கு நாம் வடக்கே ஓங்கோலுக்கும், தென்மேற்கே கொல்லிமலைக்கும் போக வேண்டியிருக்கிறது.

பாப்டிஸ்ட் கொள்கையில் உள்ள சிக்கல்

பாப்டிஸ்ட் மரபு 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரிடையே தோன்றியது. இரண்டு கொள்கைகள் அதன் உயிர்நாடி. முதலாவது, குழந்தைகளுக்குத் திருமுழுக்கு கிடையாது. விவரம் அறிந்து, தானே நம்பி, தன் வாயால் சொல்பவருக்கே உண்டு. அதுவும் நீரில் முழுவதும் மூழ்கி. இரண்டாவது, ஒவ்வொரு சபையும் தன் காரியங்களைத் தானே முடிவு செய்யும். மேலே ஆயர் இல்லை.

இதை நம் கிராமத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். இங்கே திருமணம், நிலம், திருவிழா எதையும் தனிமனிதர் தனியே முடிவு செய்வதில்லை. நாட்டாண்மையும் பங்காளிகளும் மாமன் மச்சானும் சேர்ந்துதான் முடிவெடுப்பார்கள். தனிமனிதன் தனியே நின்று சொல்ல வேண்டும் என்று கேட்கும் சமயம், கூட்டாக முடிவெடுக்கும் சமூகத்துக்குள் எப்படி நுழையும்? தனியே வந்தவர் உறவைவிட்டு ஒதுக்கப்படுவார். கூட்டமாக வந்தாலோ, ஒவ்வொருவரும் மனமறிந்து வந்தாரா என்ற ஐயம் எழும். இந்திய பாப்டிஸ்ட் வரலாறு முழுவதும் இந்த இழுபறி உண்டு.

வங்காளத்தில் செராம்பூரில் வில்லியம் கேரியும் தோழர்களும் தொடக்கத்திலேயே கறாராக இருந்தனர். 1800 டிசம்பரில் முதல் திருமுழுக்கு பெற்ற கிருஷ்ண பால் ஒரு தச்சர். அதற்கு முன்பே மிஷனரிகளோடு அமர்ந்து உண்டு சாதி விலக்கை மீறினார். 1803-இல் பிராமணராகப் பிறந்த கிருஷ்ண பிரசாத் அவருடைய மகளை மணந்தார். தரங்கம்பாடி, தஞ்சை லுத்தரன் சபைகளிலோ தனித்தனி இருக்கைப் பழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 1833-இல் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் அதை நீக்க உத்தரவிட்டபோது பெரும் பூசல் மூண்டது.

ஓங்கோல்: யாரைச் சேர்ப்பது?

அமெரிக்க பாப்டிஸ்டுகளின் தெலுங்கு மிஷன் 1836-இல் தொடங்கியது. பல்லாண்டுகள் பலன் மிகக் குறைவு. களத்தையே மூடிவிடலாம் என்று அமெரிக்காவில் பலமுறை பேசினார்கள். 1865-இல் வந்த ஜான் கிளவ் அடுத்த ஆண்டு ஓங்கோலில் குடியேறினார். அப்போது அது சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவர் முதலில் நாடியது உயர்சாதியினரை. பள்ளிக்கூடத்துக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் வந்தனர்.

அந்த நேரத்தில் எர்ரகுண்ட்ல பெரய்யா என்ற மாதிகா தோல் வியாபாரி வந்தார். ஏற்கெனவே யோக மார்க்கத்தில் ஈடுபட்டு உண்மையைத் தேடிக்கொண்டிருந்தவர். தோல் வாங்க ஊர் ஊராகச் செல்பவர் என்பதால் எல்லா ஊர்ப் பள்ளியிலும் அவருக்கு உறவுகள் இருந்தன. 1866-இல் திருமுழுக்கு பெற்ற பிறகு அந்த உறவுப் பாதையிலேயே செய்தியும் நடந்தது. மிஷனரி வகுத்த திட்டத்தைவிட இந்தத் தோல் வியாபாரியின் வழித்தடமே பெரிய வேலை செய்தது என்பது என் கணிப்பு.

மாதிகாக்கள் வரத் தொடங்கியதும் உயர்சாதியினர் எதிர்த்தனர். இவர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்றனர். கிளவ் தடுமாறினார். அவரும் அவர் மனைவியும் தனித்தனியே விவிலியத்தைத் திறந்தபோது, உலகத்தார் அற்பமாக எண்ணுகிறவர்களைக் கடவுள் தெரிந்துகொண்டார் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் வரும் பகுதியே இருவர் கண்ணிலும் பட்டது என்று அம்மிஷன் வரலாறு கூறுகிறது. மாதிகாக்கள் சேர்க்கப்பட்டனர், உயர்சாதிப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றனர்.

சேர்ந்தவர்களுக்கு வைக்கப்பட்ட விதிகள் மூன்றே: ஞாயிறன்று வேலை செய்யக்கூடாது, செத்த மாட்டின் இறைச்சி உண்ணக்கூடாது, சிலை வழிபாடு கூடாது. கேட்க எளிது. ஆனால் ஊருக்குச் செத்த மாட்டை அகற்றுவதும், திருவிழாவில் பறை அடிப்பதும், கூப்பிட்ட நாளில் வேலைக்குப் போவதும்தான் அவர்கள் வாழ்க்கை. அதை மறுத்ததும் கிணறு மறுக்கப்பட்டது, வேலையும் மறுக்கப்பட்டது. சமய விதிபோலத் தோன்றிய இம்மூன்றும் உண்மையில் ஊரின் உழைப்பு முறையையே தொட்டன.

பிறகு 1876–78 பெரும் பஞ்சம் வந்தது. நில அளவைப் பயிற்சி பெற்றிருந்த கிளவ், பக்கிங்காம் கால்வாயில் சுமார் மூன்றரை மைல் தூரம் வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்துப் பசித்தவர்களுக்குக் கூலி வேலை கொடுத்தார். (நம் மரக்காணம் பக்கம் வந்து முடியும் அதே கால்வாய்தான்.) மண் வெட்டியவர்கள் பலர் திருமுழுக்குக் கேட்டனர். கிளவ் கொடுக்கவில்லை. சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்று ஓராண்டுக்கும் மேலாக மறுத்து, நிவாரணப் பணி முடிந்த பிறகே தொடங்கினார். 1878 ஜூலை 3 அன்று குண்ட்லகம்மா ஆற்றில் வேலம்பள்ளியில் ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்கு பெற்றனர். அப்படியும் 'அரிசிக் கிறித்தவர்கள்' என்ற ஏச்சு ஓயவில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்க வேண்டிய பாப்டிஸ்ட் கொள்கை, ஒரு நாளில் 2,222 பேர் என்ற எண்ணோடு எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வி மிஷன் ஆதரவாளர்களிடையேயும் எழுந்தது.

இன்னொரு விளைவும் உண்டு. தெலுங்கு நாட்டில் பாப்டிஸ்ட் என்றால் பெரும்பாலும் மாதிகா, லுத்தரன் அல்லது ஆங்கிலிக்கன் என்றால் பெரும்பாலும் மாலா என்ற நிலை பல வட்டாரங்களில் உருவாயிற்று. சாதியை ஒழிக்க வந்த சபை, சாதி எல்லையோடு தானே ஒட்டிக்கொண்டது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. செய்தி உறவு வழியாகவே பரவியதன் பயன் இது.

கொல்லிமலை: ஆறேழு ஆண்டுக் காத்திருப்பு

தமிழகத்தில் இதற்கு நேர் எதிரான அனுபவம் கொல்லிமலையில் கிடைக்கிறது. லண்டனில் 1861-இல் தொடங்கிய ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சென்னையிலும் பின்னர் சேலம் பகுதியில் சேந்தமங்கலத்திலும் பணி செய்தது. 1907-இல் வந்த ஜெஸ்ஸி பிராண்ட், அடிவாரத்திலிருந்து மலையை அண்ணாந்து பார்த்தவர். மேலே வாழும் மலையாளிகள் (கேரளத்தார் அல்லர், மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர்) தமிழ் பேசும் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் வாய்மொழி மரபு. சாமை, கேழ்வரகு விளைவித்து, நாடு நாடாகப் பிரிந்து, தங்கள் தலைவர்களின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தனர். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளியார் மேலே தங்குவதில்லை.

மொழி ஒன்றுதான் என்பதால் வேலை எளிது என்று நினைத்துவிடக்கூடாது. சமவெளித் தமிழர் அவர்களுக்கு வட்டிக்காரராகவும் வியாபாரியாகவும் அறிமுகமானவர்கள். அதே தமிழைப் பேசிக்கொண்டு வந்த வெள்ளைக்காரரையும் அவர்கள் ஐயத்தோடுதான் பார்த்தனர்.

1913-இல் ஜெஸ்ஸி, எவ்லின் ஹாரிஸை மணந்து மலையேறினார். வாழவந்தியில் வீடு கட்டினர். சிறிது காலம் மருத்துவம் படித்திருந்த அவர் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், நரம்புச் சிலந்திப் புழுவைப் பதமாக வெளியே இழுத்தார், பல்லும் பிடுங்கினார். பள்ளி, தச்சு வேலை, பட்டுப்புழு வளர்ப்பு எல்லாம் வந்தன. மக்கள் மருந்துக்கு வந்தார்கள், சபைக்கு வரவில்லை. பூசாரி எதிர்த்தார், ஊர்க் கட்டுப்பாட்டை மீற எவரும் துணியவில்லை. ஆறேழு ஆண்டுகள் இப்படியே போயின.

முதல் உலகப் போரின் முடிவில் பரவிய விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. எதிர்த்து நின்ற பூசாரியும் அவர் மனைவியும் நோயில் விழுந்தபோது, அஞ்சிய உறவினர் நெருங்கவில்லை. பிராண்ட் தம்பதியர் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தனர். இறக்கும் தறுவாயில் அவர் தம் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். ரூத் என்ற பெயரில் அப்பெண் அவ்வீட்டில் வளர்ந்தாள். அதன் பிறகே மலையில் சபை துளிர்த்தது. இக்கதை மிஷன் நூல்களின் வழியே நமக்கு வருவது. பூசாரியின் உறவினர் சொல்லியிருந்தால் வேறு விதமாகவும் சொல்லியிருப்பார்கள் என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்வது நல்லது.

கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன்மலை உட்பட ஐந்து மலைகளுக்கும் செல்வது அவர்களின் திட்டம். 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் 44 வயதில் இறந்தார். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகன் பால் பிராண்டுக்குத் தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. அப்பா முன்னமே எழுதிய கடிதங்கள் கப்பலில் பின்னால் வந்துகொண்டிருந்தன. (வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து புகழ்பெற்றவர் இவர்.) வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வளித்த பிறகும் எவ்லின் மலையை விடவில்லை, மட்டக்குதிரையில் மற்ற மலைகளுக்கும் ஏறினார். 1974 டிசம்பரில் 95-ஆம் வயதில் இறந்து, கணவருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஒரே சபையா, தனித்தனிச் சபையா?

இத்தகைய அனுபவங்களைக் கோட்பாடாக்கியவர் டொனால்ட் மெக்காவ்ரன். இவர் பாப்டிஸ்ட் அல்லர். 1897-இல் மத்திய இந்தியாவில் தமோவில் பிறந்த மிஷனரி மகன். இனம், மொழி, சாதி என்ற எல்லைகளைத் தாண்டாமலே கிறித்தவராக மக்கள் விரும்புகிறார்கள், ஆகவே ஒவ்வொரு சமூகத்துக்கும் அதனதன் சபை என்று திட்டமிட வேண்டும் என்பது அவர் கருத்து. நாகாலாந்து அதற்குப் பொருந்துவதுபோல் தெரியும். 1872-இல் ஆவோ மக்களிடையே கிளார்க் தொடங்கிய பாப்டிஸ்ட் பணி, இன்று இனம் தோறும் தனி மொழி, தனிச் சங்கம், எல்லாவற்றுக்கும் மேலே பொதுப் பேரவை என்று இயங்குகிறது.

ஆனால் நாகர்களின் பிரிவு வேறு, சாதி வேறு. ஆவோவும் அங்காமியும் தனித்தனிச் சபை வைத்தால் அது மொழி வசதி. ஊரும் சேரியும் தனித்தனிச் சபை வைத்தால் அது தீண்டாமை. 1977-இல் அமெரிக்காவில் பாசடேனாவில் இதற்காகவே கூடிய மாநாட்டிலும் இக்கோட்பாட்டை ஆதரித்தவர்களும் மறுத்தவர்களும் எதிரெதிரே அமர்ந்து வாதிட்டனர். மொழிக்காகத் தனி ஆராதனை வைக்கலாம், ஆனால் பந்தியும் கல்லறையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று தமிழகச் சூழலில் சொல்லத் தோன்றுகிறது. சபை எவ்வளவு ஒன்றுபட்டது என்பதை ஞாயிறு ஆராதனையைவிடக் கல்லறைத் தோட்டம் சரியாகச் சொல்லிவிடும்.

இன்று இவ்வகைப் பணியைத் திட்டமிடுவோர் வீட்டு மொழி, உறவு முறை, தொழில், இடப்பெயர்வு ஆகியவற்றை முதலில் கணக்கெடுக்கின்றனர். அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதே வேளையில் மதம் மாறுபவரின் சட்டநிலை சமூகத்துக்குச் சமூகம் வேறுபடுகிறது. பழங்குடிப் பட்டியலுக்கு மத வரையறை இல்லை. கொல்லிமலை மலையாளி ஒருவர் கிறித்தவரானாலும் பழங்குடியினர்தான். பட்டியல் சாதியினருக்கோ 1950-ஆம் ஆண்டு ஆணை வேறு விதி வைத்துள்ளது. இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்த அது, பின்னர் 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது. கிறித்தவரான ஆதிதிராவிடர் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோராகவே கொள்ளப்படுவார். திருமுழுக்குக்கு முன் இருந்த கல்வி ஒதுக்கீடும் தனித்தொகுதியில் நிற்கும் உரிமையும் அவருக்கு அதன் பின் இல்லை; அவர் குடியிருக்கும் தெரு மட்டும் மாறுவதில்லை.