வாங்கிய விலையும் வந்து சேரும் செலவும்

பழைய லாரி ஒன்றை விலைபேசி முடிப்பதைக் காட்டிலும் அதை ஊர் கொண்டுவந்து சேர்ப்பதே பெரிய காரியம் என்பதை, வடமாநிலங்களுக்குப் பட்டாசும் தீப்பெட்டியும் ஏற்றி அனுப்பியே பிழைக்கும் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தாரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஓடும் லாரியைப் பற்றிய அவர்களது அனுபவம், ஓட்டம் நின்று பல ஆண்டுகளான லாரிக்குப் பாதிதான் பொருந்தும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ராணுவம் கழித்துவிட்ட ஷெவர்லே, ஃபோர்டு, டாட்ஜ் வண்டிகள், டைம்லர்-பென்ஸ் கூட்டுறவோடு 1954 முதல் ஜாம்ஷெட்பூரில் உருவான டாடா மெர்சிடிஸ் பென்ஸ், எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-இல் பெயர் மாறிய அசோக் லேலண்டின் காமெட் ஆகியவையே இந்தியாவில் பழம்பெரும் லாரிகள் என்று மதிக்கத்தக்கவை. இவற்றைத் தேடி வாங்குவோருக்குச் சட்டம் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கென 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள், 20,000 ரூபாய் கட்டணத்தில், 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண்ணை அளிக்கின்றன; எனினும் அவை சொந்தப் பயன்பாட்டுக்கான இருசக்கர, நான்குசக்கர வாகனங்களையே கருதி எழுதப்பட்டவை என்பதால், சரக்கு லாரி அந்தச் சலுகைக்கு வெளியே நிற்கிறது. ஆகவே அது சாலையில் ஓட வேண்டுமானால், மற்ற லாரிகளைப் போலவே எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றும், பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும். தடையில்லாச் சான்றுக்கான படிவம் 28-இல், சேசிஸில் பொறித்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதியை ஒட்ட வேண்டும். துருவும் பெயிண்டும் மூடிய அந்த எண்ணைச் சுரண்டிக் கண்டுபிடிக்கும் வேலையை விலைபேசும் முன்பே செய்துவிடுவது நல்லது, ஏனெனில் ஆர்.சி. புத்தகத்து எண்ணோடு அது ஒத்துப்போகாவிட்டால் வாங்கியது லாரியல்ல, வெறும் இரும்பு.

காகிதங்கள் சரியாக இருந்து, இன்ஜினும் ஓடினால், தில்லிப் பக்கம் வாங்கியதை 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியாக ஓட்டியே வந்துவிடலாமே என்ற ஆசை எழுவது இயல்பு. நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை என்று அந்த ஒரே சாலை விருதுநகர் வரை வந்துவிடுகிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்த வழியில் பழைய லாரிக்கு உண்மையான சோதனை, தர்மபுரியைத் தாண்டியதும் வரும் தொப்பூர் கணவாய் இறக்கம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடேறிப் பிடிப்பு தளர்ந்துவிடும் என்பதால், கீழ்க் கியரில் இன்ஜினையே தடையாக்கி இறங்குவது வழக்கம். பல்சக்கரங்களின் வேகத்தைத் தானே சமன்செய்யும் அமைப்பு இல்லாத பழைய கியர்பாக்ஸிலோ, கிளட்சை இருமுறை மிதித்து, இடையில் ஆக்ஸிலேட்டர் கொடுத்துத்தான் கீழ்க் கியர் போட முடியும். அந்தக் கணக்கு தவறினால் கியர் விழாமல் நியூட்ரலிலேயே வண்டி இறக்கத்தில் பாயும். இந்தக் கைப்பழக்கம் உள்ள ஓட்டுநர்கள் அருகிவிட்டார்கள்.

இழுத்து வருவதும் தீர்வன்று. பழுதான வண்டியை அருகிலுள்ள பட்டறை வரை கொண்டுசெல்லவே சாலை விதிகள் இழுப்பதை அனுமதிக்கின்றன. தவிர, பின்சக்கரங்கள் தரையில் உருளும்போது கியர்பாக்ஸின் பிரதான தண்டு சுழன்றாலும், இன்ஜின் நின்றிருப்பதால் எண்ணெயை வாரித் தெளிக்கும் அடித்தண்டு சுழலாது. எண்ணெய் எட்டாத பேரிங்குகள் உலர்ந்து கருகிவிடும். எனவே சிறு தூரம் இழுப்பதானாலும் கியர்பாக்ஸையும் பின் அச்சையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட வேண்டும்.

எஞ்சுவது, மண்வெட்டி இயந்திரங்களை ஏற்றிச் செல்லும் தாழ்தள டிரெய்லரான லோபெட். பட்டாசு இறக்கிவிட்டு ரிட்டர்ன் லோடு தேடும் சிவகாசி லாரிகள் வடக்கே எத்தனை நின்றாலும், அவற்றின் தளத்தில் இன்னொரு லாரி அடங்காது. தெற்கே திரும்பும் லோபெட்டுக்காகப் புக்கிங் ஆபீஸ்களில் சொல்லிவைத்துக் காத்திருந்தால் வாடகை கணிசமாகக் குறையும். அவசரப்படுகிறவர், வெற்றாகத் திரும்பும் தூரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். டிரெய்லரில் ஏறிய கணமே லாரி சட்டப்படி சரக்காகிவிடுவதால், விற்பவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகரானால், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதற்கான இ-வே பில்லும் உடன் வர வேண்டும்.

கட்டும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சங்கிலியைச் சேசிஸில் மட்டும் மாட்டினால், குழிகளில் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி எழும்போதெல்லாம் சங்கிலி தளர்ந்து, சுமை நகரத் தொடங்கும். அச்சுகளைச் சேர்த்துக் கட்டி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, புறப்பட்ட சிறிது தூரத்திலேயே நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். மரப் பாடியும் தார்ப்பாய்க் கம்பிகளும் இருந்தால், டிரெய்லர் தளத்தின் உயரத்தோடு அவற்றையும் கூட்டிப் பார்த்து, தேவையானால் கழற்றித் தனியே ஏற்றுவதே முறை, ஏனெனில் வழியிலுள்ள ரயில்வே சுரங்கப்பாதைகளும் தாழ்ந்த மின்கம்பிகளும் விட்டுக்கொடுப்பதில்லை.

வந்து சேர்ந்தபின், தகுதிச் சான்று கிடைத்தால் சிவகாசியின் டி.என். 95 வரிசையில் பதிவெண் பெறலாம். அப்போதும், மின்கம்பிகளின் உறை உதிர்ந்து எங்கேனும் தீப்பொறி கிளம்பக்கூடிய ஒரு வண்டியில் பட்டாசு ஏற்ற எண்ணுவது மடமை. வயரிங் முழுவதையும் மாற்றும் வரை, நின்ற இடத்திலும் அதன் பேட்டரி கழற்றியே இருக்க வேண்டும்.