கொப்புள வண்டின் பரிசம்

ஆலுவாவுக்குத் தெற்கே காக்கநாட்டில் 2022-இல் பலருக்குத் தீப்பட்டதுபோல் தோலில் கொப்புளங்கள் எழுந்தன. ‘பிளிஸ்டர் பீட்டில்’ எனும் கொப்புள வண்டு தாக்கியதாகச் செய்தி பரவியது. ஆனால் இப்படிப் பழி சுமக்கும் வண்டுகள் மனிதரைத் தேடி வந்து தாக்குபவை அல்ல. அவற்றுக்குக் கொடுக்கு கிடையாது. மழைக்காலத்து இரவில் விளக்கை நாடி வருவது எறும்புபோல் ஒல்லியான பெடரஸ் வண்டு. அதன் உடலிலுள்ள பெடரின் நஞ்சு, பூச்சியை நசுக்கும்போதுதான் நம் தோலில் படும். அசல் கொப்புள வண்டு வேறு குடும்பம். கறுப்பும் ஆரஞ்சுமாய்ப் பட்டை போட்ட மைலாப்ரிஸ், பகலில் வெண்டை, துவரைப் பூக்களில் மேயும். பிடித்து அழுத்தினால் கால் மூட்டுகளில் நஞ்சைக் கசியவிடும். இரண்டிலும் கொப்புளத்துக்குப் பெரும்பாலும் காரணம் அறைந்து தேய்க்கும் நம் கைதான்.

அசல் கொப்புள வண்டின் நஞ்சு கந்தாரிடின். பிரெஞ்சு வேதியியலர் பியர் ரோபிகே 1810-இல் இதைப் பிரித்தெடுத்தார். என்னை வியக்கவைப்பது இதன் குடும்பக் கணக்கு. வளர்ந்த வண்டுகளில் இதைப் பெருமளவு உண்டாக்குவது ஆண். புணர்ச்சியின்போது அதைப் பெண்ணுக்குப் பரிசம்போல் கொடுத்துவிடுகிறது. பெண் அதை முட்டைகளுக்குக் காப்பாக்குகிறது. நம் தோலைப் புண்ணாக்குவது, பிறக்கப்போகும் குஞ்சுகளுக்காகச் சேர்த்த சொத்து. அது மேல்தோல் செல்களின் பிணைப்பை மட்டும் தளர்த்துவதால் புண் பெரும்பாலும் வடுவின்றி ஆறும். இந்தக் குணத்தை நம்பித்தான், வைரஸால் வரும் முத்துப் போன்ற பருக்களுக்கு மேற்பூச்சு மருந்தாக அமெரிக்கா 2023-இல் இதை அனுமதித்தது.

பூவைத் தின்று விளைச்சலைக் கெடுக்கும் பூச்சிக்கு ஏன் பரிவு என்று விவசாயி கேட்கலாம். நியாயம்தான், பூ போனால் காய் இல்லை. ஆனால் பல கொப்புள வண்டு இனங்களின் புழுக்கள் மண்ணுக்குள் வெட்டுக்கிளி முட்டைகளைத் தின்றே வளர்கின்றன. பூக்கும் பருவத்தில் மருந்தடித்தால் தேனீக்களும் சாகும். சிறு தோட்டத்தில் காலை வேளையில் கையுறை போட்டு வண்டுகளைப் பொறுக்கினாலே போதும். வீட்டுக்குள் வருபவற்றுக்கு இன்னும் எளிய வழி: ஜன்னலோர விளக்கை அணைப்பது, மேலே விழுந்ததை ஊதித் தள்ளுவது, பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, அந்தக் கையைக் கண்ணில் வைக்காமலிருப்பது. கந்தாரிடினை ஆண்மை மருந்தென்று உள்ளே கொடுப்பதுதான் மன்னிக்க முடியாத துர்ப்பிரயோகம். சில மில்லிகிராமே சிறுநீரகத்தைப் புண்ணாக்கும். உயிர் போனதும் உண்டு. யாராவது விழுங்கிவிட்டால் கைவைத்தியத்தில் நேரம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.