ஸ்மோங்: ஒரு தீவைக் காத்த சொல்

இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்துக்கு மேற்கே கிடக்கும் சிமெலுவே என்னும் சிறு தீவு, 2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட 9.1 அளவிலான நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அண்மையில் இருந்த வாழிடங்களுள் ஒன்றாகும். நிலம் அதிர்ந்து ஏறத்தாழ பத்தே நிமிடங்களில் ஆழிப்பேரலை அதன் வடகரையைத் தாக்கி வீடுகளை அடித்துச் சென்றது. எனினும் ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் உயிரிழந்தோர் எழுவரே. ஆச்சே மாநிலம் முழுவதிலுமோ, மாண்டோரும் காணாமற்போனோருமாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பலியாயினர்.

இவ்வேறுபாட்டுக்கு முதன்மையான காரணம் ஒரு சொல். நிலம் அதிர்ந்தபின் கடல் உள்வாங்கி, பேரலையாய்த் திரும்பி ஊரை மூடுவதைத் தீவு மக்கள் 'ஸ்மோங்' என்பர். 1907ஆம் ஆண்டில் அத்தகைய அலை தீவைப் பாழாக்கியபோது, நீர் வடிந்த தரையில் துள்ளிய மீன்களை அள்ளப் போனவர்கள் மீளவில்லை என்னும் செய்தியை, 'நஃபி-நஃபி' எனப்படும் வாய்மொழிக் கதைகளிலும் 'நண்டோங்' எனப்படும் பாடல்களிலும் பொதிந்து மூத்தோர் சிறாருக்குச் சொல்லி வந்தனர். பெரிதாக நிலம் நடுங்கி, அதன்பின் கடல் வற்றினால், எதையும் எடுக்க நில்லாமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதே அவற்றின் சாரம். ஆகவே 2004இல் ஒருவர் 'ஸ்மோங்' என்று கூவியதும், விளக்கம் கேட்டு நிற்க வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை.

இந்தியப் பெருங்கடலில் அன்று ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. இருந்திருந்தாலும், கருவி பதிந்ததை மையம் ஆராய்ந்து, அரசுக்கு அறிவித்து, அங்கிருந்து கடைக்கோடிக் குடிசைக்குச் செய்தி சேர்வதற்குப் பத்து நிமிடங்கள் போதியிரா. சிமெலுவேயில் நிலத்தின் நடுக்கமே அபாயச் சங்காக ஒலித்தது; ஏறிக்கொள்ள வீட்டுக்குப் பின்னாலேயே குன்றும் இருந்தது. இந்த இரண்டாவது பேற்றை மறந்துவிடலாகாது. பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு மேல் ஒன்றிரண்டு மீட்டரே உயர்ந்துள்ள மாலத்தீவில் ஓடி ஏற மேடு கிடையாது. அங்கே உறுதியான மாடிக் கட்டடங்களே குன்றின் வேலையைச் செய்ய வேண்டும்.

மரபறிவுக்கும் எல்லை உண்டு. 2010 அக்டோபரில் சுமத்ராவை அடுத்த மெந்தாவாய்த் தீவுகளில் அதிர்வு மென்மையாகவும் நெடுநேரமாகவும் நீடித்ததால் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்வந்த அலை நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. எனவே அதிர்வின் வலிமையை மட்டுமன்றி, அது நீடிக்கும் நேரத்தையும் கவனிக்கக் கற்றுத்தர வேண்டியுள்ளது. நாகப்பட்டினத்தின் நிலை வேறு: அதிர்வைப் பெரிதாக உணராத அக்கரைக்கு, 2004இல் இரண்டு மணி நேரத்துக்கும் மேலான இடைவெளியில் அலை வந்தது. அத்தகைய கரைகளுக்குத் தொலைவிலிருந்து உரைக்கும் கருவி இன்றியமையாதது. 2007 முதல் ஐதராபாத்தில் இயங்கும் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் அத்தேவைக்காகவே நிறுவப்பட்டது.

ஆயினும் மையம் செய்தியைத்தான் அனுப்ப முடியும். அதைக் கேட்டதும் கால்கள் எத்திசையில் நகர வேண்டும் என்பது முன்பே பழகியிருந்தாலன்றிப் பயனில்லை. 2004க்குப் பின் பிறந்த பிள்ளைகளுள் மூத்தோர் இன்று வாக்களிக்கும் வயதை எட்டிவிட்டனர். கடல் உள்வாங்கிய அந்தக் காலையைக் கண்ணால் கண்டவர்கள் ஒவ்வொரு கடற்கரைக் குப்பத்திலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை அமர்த்திக் கேட்கச் செய்யுங்கள்.