மிளகு விற்ற காசுக்கு பில் இருக்கா? கொல்லிமலை மாணவர்கள் ஸ்டூடண்ட் விசாவுக்கு எப்படித் தயாராவது?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால்தான் கொல்லிமலை. அங்கிருந்து இறங்கி வந்து நாமக்கல், சேலம், கோவை என்று காலேஜ் முடிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கும் இப்போது "ஃபாரின்ல மாஸ்டர்ஸ் படிக்கலாமா?" என்ற ஆசை வருகிறது.

மார்க் இருக்கிறது, ஐஇஎல்டிஎஸ் ஸ்கோர் இருக்கிறது, ஆஃபர் லெட்டரும் வந்துவிட்டது. அப்புறம் என்ன சிக்கல்? பணம். பணம் இல்லாதது ஒரு பிரச்னை என்றால், இருக்கும் பணத்துக்குக் காகிதம் இல்லாதது இன்னொரு பிரச்னை. மிளகு, காபி, பலா, அன்னாசி விற்ற காசு பெரும்பாலும் கையில்தான் வருகிறது. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்பதால் பல வீடுகளில் ஐடி ரிட்டர்னும் இருக்காது. விசா அதிகாரி கேட்பது அந்த மாதிரிக் காகிதங்களைத்தான்.

எவ்வளவு பணம் காட்ட வேண்டும்?

நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். முதல் ஆண்டு டியூஷன் ஃபீஸ் போக, தங்கிச் சாப்பிடும் செலவுக்கு மட்டும் காட்ட வேண்டிய தொகை இது:

பிரிட்டன்: லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்டு (2025 நவம்பர் முதல்). அதிகபட்சம் 9 மாதங்களுக்குக் காட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே என்றால் மொத்தம் 10,539 பவுண்டு. இதுபோக, ஹெல்த் சர்சார்ஜ் ஆண்டுக்கு 776 பவுண்டை விண்ணப்பிக்கும்போதே கட்டிவிட வேண்டும்.

ஜெர்மனி: பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ. அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் டியூஷன் ஃபீஸ் இல்லை. ஆனால் இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம்.

கனடா: ஒரு ஆளுக்கு 22,895 கனடிய டாலர் (2025 செப்டம்பர் முதல், கியூபெக் மாகாணம் தவிர).

ஆஸ்திரேலியா: ஓராண்டுக்கு 29,710 ஆஸ்திரேலிய டாலர்.

இந்தத் தொகைகளை அந்தந்த அரசுகள் அவ்வப்போது உயர்த்துகின்றன. விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கைக்கு வரும் காசை எப்படிக் காட்டுவது?

தொகையோடு, அது எத்தனை நாள் அக்கவுண்டில் இருந்தது என்பதும் முக்கியம். பிரிட்டன் விதிப்படி 28 நாட்கள் தொடர்ந்து இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் அடிபடும். விண்ணப்பத்துக்கு முந்தின மாதம் திடீரென்று பத்து லட்சம் வந்து விழுந்திருந்தால், "இது எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி எந்த நாட்டிலும் வரும்.

அதனால் இந்த அறுவடையிலிருந்தே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மிளகோ காபியோ விற்றால் வியாபாரியிடம் பில் கேளுங்கள். முடிந்தவரை பணத்தை அக்கவுண்டில் போடச் சொல்லுங்கள். காசாகக் கொடுத்தால் அதே வாரம் வங்கியில் கட்டிவிட்டு, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், வருமானச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து வைத்தால், இந்த நிலத்தில் இந்த வருமானம் வரும் என்று காட்ட உதவும்.

"ஷோ மணி" ஏற்பாடு செய்கிறேன் என்கிறாரே ஏஜென்ட்?

இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். வட்டிக்குப் பணம் வாங்கி அக்கவுண்டில் கொஞ்ச நாள் காட்டுவது, போலி பேங்க் ஸ்டேட்மென்ட் போடுவது என்று ஷார்ட்கட் சொல்லும் ஏஜென்ட்கள் எல்லா ஊரிலும் உண்டு. மாட்டினால் ஏஜென்டுக்குத் தடை இல்லை. கையெழுத்துப் போட்ட மாணவருக்குத்தான். பொய் ஆவணம் கொடுத்தால் பிரிட்டன் 10 ஆண்டு, கனடா 5 ஆண்டு, ஆஸ்திரேலியா 3 ஆண்டு வரை கதவை மூடிவிடும். அமெரிக்காவில் அது நிரந்தரத் தடையாகவே ஆகலாம்.

2023-ல் கனடாவில் நடந்தது ஞாபகம் இருக்கும். போலி அட்மிஷன் லெட்டரில் அனுப்பப்பட்டது தெரியாமலேயே போன இந்திய மாணவர்கள் பலர், நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் முதல், ஒவ்வொரு அட்மிஷன் லெட்டரையும் கல்லூரியிடமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கிறது கனடா.

எனவே விண்ணப்பத்தின் லாகின் ஐடி, பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கட்டும். "எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று யார் சொன்னாலும், சப்மிட் பண்ணுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே படியுங்கள்.

சொந்தப் பணமே இல்லை என்றால்?

கொல்லிமலையின் மலையாளி சமூகம் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறது. அதனால் இரண்டு பெரிய உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டுமே முதுகலை, பிஹெச்.டி. போன்ற உயர்படிப்புகளுக்குத்தான், இளங்கலைக்குக் கிடையாது.

ஒன்று, தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

இன்னொன்று, மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 6 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் நாடு முழுக்க ஆண்டுக்கு 20 இடங்கள்தான். அதிலும் 3 இடங்கள் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுக்கு. அந்தப் பட்டியலில் மலையாளி சமூகம் இல்லை என்பதால், கொல்லிமலை மாணவர் போட்டியிடுவது மீதி 17 இடங்களுக்கு.

அரசு உதவித்தொகைக் கடிதம் விசாவுக்கும் பெரிய பலம். கல்விக் கட்டணம், வாழ்க்கைச் செலவு இரண்டையும் அரசே ஏற்றால், பிரிட்டனில் அந்தக் கடிதமே பணத்துக்கான ஆதாரம்.

இதற்கெல்லாம் அடிப்படை சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பழங்குடியினர் சான்றிதழைத் தருவது தாசில்தார் இல்லை, வருவாய் கோட்டாட்சியர். விசாரணை முடிந்து கைக்கு வர நாளாகலாம். ஆஃபர் லெட்டர் வந்த பிறகு இதற்கு அலைந்தால் உதவித்தொகையின் கடைசித் தேதி போய்விடும்.

லோன் எடுக்கலாமே?

எடுக்கலாம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை ஜாமீன் சொத்து வேண்டாம், 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் உத்தரவாதம் போதும். அதற்கு மேல் சொத்து அடமானம். மலையில் இருப்பதோ விவசாய நிலம். கடன் வசூலுக்கு வங்கிகள் நம்பியிருக்கும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால்தான் "நிலம் இருக்கே சார்" என்றாலும் மேனேஜர்கள் தயங்குகிறார்கள். மேலே சொன்ன உதவித்தொகைகளுக்கு முதலில் முயற்சி செய்யச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

பெயரில் ஒரு எழுத்து மாறினால்?

அப்பா அக்கவுண்டில் இருக்கும் பணத்தைக் காட்டினால், அவர்தான் அப்பா என்று நிரூபிக்க பிரிட்டன் பிறப்புச் சான்றிதழ் கேட்கும். வீட்டில் பிறந்து, பிறப்பைப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் காலதாமதப் பதிவுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், மார்க் ஷீட்டில் இன்னொன்று, பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து வேறு மாதிரி என்று இருந்தால், பாஸ்போர்ட் எடுப்பதற்கு முன்பே சரி செய்துவிடுங்கள்.

எப்போது தொடங்க வேண்டும்?

செப்டம்பரில் கிளாஸ் என்றால், அதற்கு முந்தின ஆண்டு ஜூலையிலேயே. முதலில் சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட். அடுத்து ஐஇஎல்டிஎஸ், தாட்கோ மூலம் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு இலவசப் பயிற்சி இருக்கிறதா என்று நாமக்கல் அலுவலகத்தில் கேளுங்கள். டிசம்பருக்குள் பல்கலைக்கழக விண்ணப்பங்கள். ஆஃபர் வந்ததும் உதவித்தொகை. கடைசியில்தான் விசா. பயோமெட்ரிக், பிரிட்டனுக்கான காசநோய் பரிசோதனை என்று சென்னைக்குப் போய்வரும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ரிஜெக்ட் ஆனால்?

காரணத்தைப் படித்து, அந்த ஒரு குறையைச் சரி செய்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். அடுத்த விண்ணப்பத்தில் "முன்பு விசா மறுக்கப்பட்டதா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்றே எழுதுங்கள். மறுக்கப்பட்ட விசாவுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. மறைத்தது தெரிந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.