கைம்பெண்ணும் காப்புறுதிக் கடிதமும்

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்திலே ஒரு கைம்பெண் வருகின்றாள். அவளுக்குப் பெயரில்லை. அவளது வழக்கு எதைப் பற்றியது என்பதும் நமக்குச் சொல்லப்படவில்லை. நிலமோ, கடனோ, கணவன் விட்டுச்சென்ற வீடோ, நாம் அறியோம். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத ஒரு நடுவரிடம் அவள் திரும்பத் திரும்பச் செல்கின்றாள் என்பது மட்டுமே தெரிகின்றது. இந்த உவமையை இடைவிடாத செபத்திற்கு எடுத்துக்காட்டாகப் பலமுறை மறையுரையில் எடுத்தாண்டிருக்கின்றேன். இயேசு அதற்காகவே இதனைச் சொன்னார் என்று நற்செய்தியாளரும் முதல் வசனத்திலேயே குறிப்பிடுகின்றார். ஆயினும் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரத்து வீட்டுக்காரர்கள் காத்திருந்த கதையை அறிந்த பின்னர், அந்தப் பெண் நடந்த நடையை நினையாமல் இவ்வுவமையை என்னால் வாசிக்க முடிவதில்லை.

2010ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆம் நாள், சனிக்கிழமை அதிகாலை 4.35 மணிக்கு அந்நகரை 7.1 அளவுடைய நிலநடுக்கம் உலுக்கியது. மக்கள் உறக்கத்தில் இருந்த வேளை. இடிபாடுகளுக்குள் சிக்கி எவரும் மடியவில்லை என்று அறிந்தபோது ஊரே நன்றி கூறியது. ஆனால் அது முடிவாக இருக்கவில்லை. 2011 பெப்ரவரி 22ஆம் நாள் பிற்பகல் 12.51 மணிக்கு நிலம் மீண்டும் அதிர்ந்தது. அளவில் இது முன்னையதிலும் சிறியதே. எனினும் நகருக்கு மிக அருகிலும், ஆழம் குறைந்த இடத்திலும் நிகழ்ந்தமையால் 185 உயிர்களைப் பலிகொண்டது. ஏவன் ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் நிலமே குழம்பாகியது. நீர் ஊறிய மணல் குலுங்கும்போது தன் பிடிமானத்தை இழந்துவிடும். சேறும் நீரும் முற்றங்களிலும் வீட்டுத் தரைகளிலும் பீறிட்டு எழும். மேலே நிற்கும் வீடு ஒரு பக்கமாய்ச் சாயும். இலட்சக்கணக்கான தொன் சேற்றை அந்நகர மக்கள் அள்ளி அகற்றினார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் மண்வெட்டிகளோடு வீடு வீடாகச் சென்றதை அந்நகரம் இன்றும் நன்றியோடு நினைவுகூருகின்றது.

இறந்தோரை அடக்கம் செய்தாயிற்று. சேற்றையும் அள்ளியாயிற்று. அதன் பின்னரே இரண்டாவது துன்பம் தொடங்கியது. அதற்குப் பெயர் காத்திருத்தல்.

அந்நாட்டின் ஏற்பாட்டைச் சற்று விளக்குதல் வேண்டும். வீட்டுக்குத் தீக் காப்புறுதி எடுக்கும் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு சிறு தொகை அக்காலத்தில் அரசின் நிலநடுக்க ஆணைக்குழுவின் நிதிக்குச் சென்றது. 1942இல் வைரராப்பா பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கங்களின் படிப்பினையால் உருவான நல்லதோர் ஏற்பாடு இது. 2011இல் இருந்த விதியின்படி, வீட்டின் சேதத்தில் முதல் ஒரு இலட்சம் டொலரையும் அதற்குரிய வரியையும் ஆணைக்குழு செலுத்தும். அதற்கு மேற்பட்டால் மிகுதி தனியார் காப்புறுதி நிறுவனத்தின் பொறுப்பாகும். ஆகவே, சேதம் அந்தக் கோட்டுக்கு மேலா, கீழா என்று தீர்மானிக்கப்படும்வரை, யாரிடம் போய் நிற்பது என்பதே வீட்டுக்காரருக்குத் தெரியாது. கோப்பு ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குப் போகும். அங்கிருந்து திரும்பியும் வரும்.

இதிலும் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. 2011 யூன் 13இலும் திசெம்பர் 23இலும் நிலம் மறுபடி வன்மையாக நடுங்கியது. ஒவ்வொரு நிலநடுக்கத்திற்கும் காப்பு புதிதாக உண்டு என்று உயர்நீதிமன்றம் அவ்வாண்டிலேயே தீர்ப்பளித்தது. மக்களுக்கு நன்மையான தீர்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் விளைவாக, சுவரில் உள்ள ஒவ்வொரு விரிசலும் எந்த நிலநடுக்கத்தில் உண்டானது என்று பிரித்துக் கூறவேண்டியதாயிற்று. விரிசலிடம் பிறந்த நாளை யார் கேட்பது? வீட்டில் குடியிருந்தவருக்கே தெரியாத ஒன்றை, ஒரு மணிநேரம் வந்து பார்த்த மதிப்பீட்டாளர் படிவத்தில் நிரப்பவேண்டி இருந்தது.

ஒரு குழு வந்தது. திருத்தினால் போதும் என்றது. மறு குழு வந்தது. இடித்துக் கட்டவேண்டும் என்றது. இந்த வெடிப்பு பழையது, நிலநடுக்கத்திற்கு முன்பே இருந்தது என்று சொன்னவர்களும் உண்டு. தரையின் உயர வேறுபாடு 50 மில்லிமீற்றருக்குள் அடங்குமா, தாண்டுமா என்பதில் குடும்பங்களின் எதிர்காலம் தங்கியிருந்தது. மேசையில் வைத்த பந்து தானாக உருண்டோடும் வீட்டில், காற்றுப் புகும் சுவர்களுக்குள், அந்நாட்டின் யூலை மாதக் குளிரை ஆண்டுக்கு ஆண்டு கழித்தவர்கள் பலர்.

நிலத்திற்கும் நிறம் இடப்பட்டது. 2011 யூன் 23ஆம் நாள் வெளியான வரைபடத்தில் பச்சை என்றால் இருக்கலாம். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். செம்மஞ்சள் என்றால் இன்னும் ஆராயவேண்டும், அதாவது மீண்டும் காத்திருக்க வேண்டும். காலப்போக்கில் ஏறத்தாழ எண்ணாயிரம் வீடுகள் சிவப்பு வலயத்திற்குள் வந்தன. வீட்டுக்குப் பெரிய சேதமில்லை என்று மகிழ்ந்திருந்தவருக்கும் நிலம் சிவப்பு என்ற செய்தி வந்தது.

மதிப்பிட வந்தவர்களைக் கொடியவர்கள் என்று நான் கூறவில்லை. நிலநடுக்கத்திற்கு முன்னர் அந்த ஆணைக்குழுவில் பணியாற்றியோர் இருபதைச் சற்றே தாண்டிய எண்ணிக்கையினர். அவர்கள்மீது விழுந்த விண்ணப்பங்களோ நான்கு இலட்சத்திற்கும் மேல். அவசர அவசரமாக ஆட்களைத் திரட்டினார்கள். அவ்வாறு வந்தவர்களிலும் தம் வீடு சாய்ந்த நிலையில் பிறர் வீட்டை அளந்தவர்கள் இருந்தார்கள்.

யோபுவைத் தேடி வந்த நண்பர்கள் ஏழு நாட்கள் தரையில் அமர்ந்து மௌனமாய் இருந்தார்கள். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அதுவே. வாய் திறந்ததும் அவர்களும் மதிப்பீட்டாளர்கள் ஆகிவிட்டார்கள். இந்த இழப்புக்கு எது காரணம், எவ்வளவு உன் பங்கு, எவ்வளவு உன் முன்வினை என்று கணக்குப் பார்த்தார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மடிந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று ஆண்டவர் கேட்ட கேள்வி இத்தகைய கணக்குகளை முறியடிக்கின்றது. மறையுரை மேடையில் நிற்கும் நாங்களும் இந்தக் கணக்கில் தவறியிருக்கின்றோம்.

என் தவறையும் சொல்லிவிடுகின்றேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பின், குருமட மாணவனாகக் கரையோர முகாமொன்றில் பணி செய்தேன். கடலிலிருந்து இத்தனை மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்ற அறிவிப்பினால் மக்கள் எங்கும் போகமுடியாமல் இருந்த காலம். ஒரு தாய் தன் படிவங்களையெல்லாம் பொலித்தீன் பையொன்றில் சுற்றி எப்போதும் கையில் வைத்திருந்தார். "பொறுமையாய் இருங்கள் அம்மா, கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று அவரிடம் கூறிவிட்டு நான் குருமடத்திற்குத் திரும்பிவிட்டேன். சில ஆண்டுகளின் பின் அவரைப் புது வீட்டு வாசலில் சந்தித்தேன். "பிரதர், நீங்கள் பொறுமையா இருக்கச் சொன்னனீங்கள். நான் கந்தோருக்குப் பதினேழு தரம் போனனான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உவமைக்கு வருவோம். இவள் என் உயிரை வாங்கிவிடுவாள் என்று அந்த நடுவர் தமக்குள் சொல்லிக்கொள்ளுமிடத்தில், லூக்கா கையாளும் கிரேக்கச் சொல் குத்துச்சண்டைக் களத்திற்குரியது. கண்ணுக்குக் கீழே குத்துதல் என்பது அதன் நேர்ப்பொருள். குருமடத்தில் இதனைப் படித்தபோது வகுப்பில் எல்லோரும் நகைத்தோம். நகைக்க வேண்டியதுதான். ஆனால் ஆண்டவர் நமக்கு முன்மாதிரியாக நிறுத்துவது மூலையில் அமர்ந்து வாய் திறவாமல் காத்திருக்கும் பெண்ணை அல்ல என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

கிறைஸ்ட்சேர்ச்சிலும் அப்படியே நடந்தது. காப்புறுதி இல்லாதிருந்த சிவப்பு வலயத்தாருக்கு நிலத்தின் மதிப்பில் பாதியே தரப்படும் என்றது அரசு. அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். அவர்கள் விடயத்தில் முடிவு எடுக்கப்பட்ட முறை சட்டத்திற்கு ஏற்புடையதல்ல என்று 2015இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தீராத காப்புறுதி வழக்குகளுக்கென 2019இல் தனித் தீர்ப்பாயம் நிறுவப்பட்டது. முன்னாள் ஆளுநர் நாயகம் சில்வியா கார்ட்ரைட் அம்மையார் தலைமையிலான பொது விசாரணையின் அறிக்கை 2020இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அரசு அம்மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. முதல் அதிர்வுக்கும் அந்த மன்னிப்புக்கும் இடையே ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். நடுவர் சிலகாலம் மறுத்துவந்தார் என்று லூக்கா ஒரே சொல்லில் கடந்துவிடுகின்றார். அந்தச் 'சிலகாலம்' எத்தனை ஆண்டுகளோ!

திரு அவையும் இந்த வரிசையில் நின்றது. 1905இல் கட்டி முடிக்கப்பட்ட கத்தோலிக்கப் பேராலயத்தின் முன்புறக் கோபுரங்கள் இரண்டும் 2011இல் சரிந்தன. கோபுரச் சாளரமொன்றில் உட்புறம் நோக்கியிருந்த அன்னை மரியாவின் திருச்சுரூபம் அதிர்ச்சியில் திரும்பி, உடைந்த நகரைப் பார்த்தபடி நின்றது. அதைக் கண்டு அழுதவர்கள் கத்தோலிக்கர்கள் மட்டுமல்லர். பேராலயத்தை மீட்க முடியாது என்ற முடிவு 2019இல் அறிவிக்கப்பட்டு, பின்னர் அது முற்றாக இடிக்கப்பட்டது. அங்கிலிக்கன் பேராலயத்தைத் திருத்துவதா, இடிப்பதா என்ற வழக்கு நீண்டு, 2017இல் திருத்துவதென முடிவாகி, பணப் பற்றாக்குறையால் 2024இல் வேலை இடைநிறுத்தப்பட்டது.

சிவப்பு வலயத்தில் வீடுகள் அகற்றப்பட்டுவிட்டன. ஆற்றின் இருமருங்கும் நூற்றுக்கணக்கான ஹெக்டேயர் புல்வெளி. வேலிகள் இல்லை, வாசல்கள் இல்லை. ஆனால் வீட்டுக்காரர்கள் நட்ட மரங்களிற் பல வெட்டப்படாமல் விடப்பட்டன. அப்பிளும் பிளம்ஸும் பருவந்தோறும் காய்க்கின்றன. கூடையோடு வந்து அவற்றைப் பறித்துச் செல்ல எவருக்கும் தடையில்லை.