கம்ப்யூட்டரை ஆன் செய்தால் எம்சிபி விழுகிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கம்ப்யூட்டரை ஆன் செய்தால் வீட்டில் லைட்டும் போய்விடுகிறது. கோளாறு கம்ப்யூட்டரிலா, வயரிங்கிலா?" எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் முன் இதை நீங்களே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். ஸ்குரூ டிரைவர்கூடத் தேவையில்லை.

எது விழுந்தது?

மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். 6, 10, 16 என்று எண் போட்ட ஒல்லியான சுவிட்சுகள் எம்சிபி. அந்த எண் ஆம்பியர் அளவு. அகலமாக, 'டெஸ்ட்' பட்டனுடன் இருப்பது ஆர்சிசிபி. எம்சிபி விழுந்தால் மின்சாரம் அளவுக்கு மேல் ஓடியிருக்கிறது. ஆர்சிசிபி விழுந்தால் எங்கோ கசிந்து எர்த்துக்குப் போகிறது. இரண்டும் வெவ்வேறு கோளாறுகள்.

எப்போது விழுந்தது?

சற்று நேரம் ஓடிய பிறகு எம்சிபி விழுந்தால் அது ஓவர்லோடு. 6 ஆம்பியர் எம்சிபி 230 வோல்ட்டில் தாங்குவது 1380 வாட்ஸ். கம்ப்யூட்டர் 250 வாட்ஸ், இரண்டு ஃபேன் 150, லைட்டுகள் 100 என்றால் பிரச்சினை இல்லை. அதே லைனில் 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸும் 500 வாட்ஸ் மிக்சியும் ஓடினால் மொத்தம் 2000 வாட்ஸ். எம்சிபி விழத்தானே செய்யும்! அயர்ன் பாக்ஸை 16 ஆம்பியர் பவர் பிளக்குக்கு மாற்றுங்கள்.

ஆன் செய்த நொடியிலேயே விழுந்தால் ஷார்ட் சர்க்யூட்டாக இருக்கலாம். கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்ஸும் காரணமாகலாம். அதனுள் இருக்கும் கெபாசிட்டர்கள் காலியாக இருக்கும்போது, ஆன் செய்த சில மில்லி செகண்டுகளுக்கு அதிக மின்சாரத்தை இழுக்கும். யுபிஎஸ், மானிட்டர், சிபியு, பிரிண்டர் என ஒவ்வொன்றாக ஆன் செய்து பாருங்கள். கரண்ட் போனதும் எல்லா சுவிட்சையும் ஆஃப் செய்துவிடுவதும் நல்லது.

கண்டுபிடிக்கும் வழி

1. அந்த லைனில் உள்ள எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. சுவிட்ச் ஃபேஸைத்தான் துண்டிக்கும். நியூட்ரல் எர்த்தைத் தொட்டிருந்தால் ஆர்சிசிபி அப்போதும் விழலாம்.

2. லைட், ஃபேன் சுவிட்சுகளையும் ஆஃப் செய்து எம்சிபியை மேலே தள்ளுங்கள். சில எம்சிபிகளை முழுதாகக் கீழே இறக்கிவிட்டுத்தான் ஏற்ற முடியும்.

3. ஒன்றுமே இல்லாதபோதும் விழுந்தால் கோளாறு வயரிங்கில். அத்துடன் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

4. நின்றால் லைட்டுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். மழைக் காலத்தில் பால்கனி, பாத்ரூம் ஹோல்டரில் நீர் இறங்கியிருக்கலாம். பிறகு பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதில் விழுகிறதோ, அதுதான் குற்றவாளி.

ஆர்சிசிபி மட்டும் விழுந்தால்

எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள ஃபில்டர் வழியாகச் சிறிதளவு மின்சாரம் எர்த்துக்குப் போவது இயல்பு. பிளக்கில் செருகும் கருவிகளுக்கு 3.5 மில்லி ஆம்பியர் வரை அனுமதி உண்டு. வீடுகளில் பொருத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, 15-ஐத் தாண்டினாலே விழலாம். இரண்டு கம்ப்யூட்டர், யுபிஎஸ், வாஷிங் மெஷின் எல்லாம் சேர்ந்தால் எந்தக் கருவியிலும் கோளாறு இல்லாமலேயே விழக்கூடும். லைனைப் பிரித்து இரண்டு ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

சிலர் எர்த் பின்னை உடைத்துவிட்டு, "இப்போது விழவில்லை" என்பார்கள். கசிவு நின்றுவிடவில்லை, கேபினெட்டில் நிற்கிறது. அந்த ஃபில்டரால் மட்டுமே அங்கே 115 வோல்ட் அளவுக்கு இருக்கும். தொட்டால் சுரீரென்று இருப்பது இதனால்தான். உண்மையான கோளாறு வந்தால் உயிருக்கே ஆபத்து.

6 ஆம்பியர் எம்சிபியை எடுத்துவிட்டு 16 போடுவதும் ஆபத்தே. எம்சிபி இருப்பது சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்றத்தான். லைட்டுக்குப் போட்ட மெல்லிய வயர் சூடாகி உருகினாலும், 16 ஆம்பியர் எம்சிபி விழாமல் நிற்கும்.

கோளாறு சரியாகும் வரை கம்ப்யூட்டரை யுபிஎஸ்ஸில் இணைத்து, அடிக்கடி சேவ் செய்துகொள்ளுங்கள். ஃபைல் எழுதும் நேரத்தில் மின்சாரம் நின்றால் அந்த ஃபைல் கெட்டுப்போகலாம். யுபிஎஸ் பீப் ஒலி எழுப்பியதும் வேலையைச் சேவ் செய்து ஷட் டவுன் செய்யுங்கள். லேசர் பிரிண்டரை மட்டும் யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள். அதிலுள்ள ஹீட்டர் இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது.